நீலக் கயிறு கட்டிய சாக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் முகம் மணலுக்குள்ளிருந்து கிடைத்தது. முக்கால் முகம்தான், நெற்றிக்கு மேல் கிழிந்து போயிருந்தது. நீ செத்த வாரம், ஞாயிறுதோறும் கடற்கரைக் குப்பை பொறுக்கும் நம் சங்கத்தார் கடப்புறத்தில் கட்டிய ஃப்ளெக்ஸ் அது. காற்று பிய்த்துக் கடலில் போட, கடல் ஒரு மழைக்காலம் முழுக்க வைத்திருந்துவிட்டு வேண்டாமென்று திருப்பித் தந்திருக்கிறது. உன் மூக்கின்மேல் சிப்பி ஒட்டியிருந்தது. உனக்குக் கீழே இருந்த சிறப்பு விருந்தினர் மட்டும் கொஞ்சமும் நிறம் மங்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கீழே, 'உபயம்' என்று என் கடையின் பெயர்.

இதை எந்தச் சாக்கில் போடுவது என்று புதிதாக வந்த பெண் ஒருத்தி கேட்டாள். நீ வகுத்த சட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது. உருக்கி மறுபடி உபயோகிக்கக்கூடியது நீலக் கயிறு கட்டிய சாக்கில், ஒன்றுக்கும் ஆகாதது வெள்ளைக் கயிறு கட்டிய சாக்கில், கண்ணாடியும் ஊசியும் மருந்துக் குப்பியும் சிவப்புக் கயிறு கட்டிய சாக்கில். ஃப்ளெக்ஸ் ஒன்றுக்கும் ஆகாது. உன்னை நாலாக மடித்து வெள்ளைச் சாக்கில் போட்டேன். மடிக்கும்போது அந்த பிளாஸ்டிக் நாற்றமும் உப்பு நாற்றமும் சேர்ந்து அடித்தது. அப்போதுதான் உனக்கு இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நாம் பழக ஆரம்பித்ததே சண்டையில்தான். ஆரியசாலைக் கடைத்தெருவில் வியாபாரம் சூடாக நடந்துகொண்டிருந்த நேரம், என் கடை வாசலில் ஒரு சாக்கு நைலான் கயிற்றைக் கொட்டினாய். பாசி பிடித்த கயிறு, மீன் வாடை. நீ யாரென்றே எனக்குத் தெரியாது.

"விழிஞ்ஞத்துல வள்ளத்து எஞ்சின் பாக்குறவன் நான். இதெல்லாம் விசிறியில சுத்தி எஞ்சினைத் தின்ன கயிறு. ஒமக்க கடைக் கயிறுதான் வே, பாரும்."

"ஆரியசாலையில கயிறு விக்கிறது நான் ஒருத்தன்தானா?" என்றேன்.

"மத்த கடையிலயும் கொட்டியாச்சு. நீருதான் கடைசி."

கொட்டியவன் அள்ளுவான் என்று நின்றேன். நீ திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய். நான்தான் அள்ளினேன், கை ஒரு வாரம் நாறியது. அடுத்த ஞாயிறு பத்துப் புதுச் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு நீ குப்பை பொறுக்கும் கடப்புறத்துக்கு வந்தேன். சேவை செய்ய வரவில்லை. உன் முகத்தில் எறியத்தான் வந்தேன். நீ சாக்கை வாங்கிப் பிரித்துப் பார்த்து, "தையல் கொள்ளாம்" என்று மெச்சினாய். அன்றிலிருந்து சாக்கும் கயிறும் என் பொறுப்பு.

உனக்குத் தங்கமான மனசு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். செத்தவனைப் பற்றி அப்படித்தான் சொல்ல வேண்டும். உண்மையில் உன்னைப் போல வாய்க்கொழுப்புப் பிடித்தவனை நான் பார்த்ததில்லை. ஒரு குப்பியைப் பொறுக்கிவிட்டு மூன்று படம் எடுத்துக்கொண்ட கல்லூரிப் பெண்ணிடம், "மோளே, அந்தக் குப்பிக்கு என்ன கல்யாணமா?" என்று கேட்டு அழ வைத்தாய். அவள் பிறகு வரவே இல்லை. எல்லோரையும் பூட்ஸ் போடச் சொல்லிக் கத்திவிட்டு நீ மட்டும் வெறுங்காலோடு நடப்பாய். மணலுக்குள் என்ன கிடக்கிறது என்று காலுக்குத் தெரிய வேண்டுமாம். சுகாதார நிலையத்தில் எலிக்காய்ச்சல் வராமலிருக்கத் தரும் மாத்திரையை வாங்கி, விழுங்காமல் என் பையில் போட்டுவிடுவாய். கேட்டால், "சாரமில்ல அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாது." என்னைவிட நாலு மாதம் மூத்தவன் நீ. அண்ணாச்சி என்று கூப்பிட்டதெல்லாம் நக்கலுக்குத்தான்.

அந்தச் சனிக்கிழமையும் நக்கலுக்குத்தான் எல்லாம் செய்தாய். மறுநாள் சிறப்பு விருந்தினர் வருகிறார், கேமராக்கள் வருகின்றன, அவர் குப்பை பொறுக்கித் தொடங்கி வைப்பார் என்று செயலாளர் பந்தல் போட்டிருந்தார். நீ இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை கடப்புறத்தைத் துடைத்து வைத்துவிட்டாய். ஒரு மிட்டாய்த் தாள்கூட இல்லை. போனில் சொல்லிச் சிரித்தாய்: "நாளைக்கு வந்து மணலைப் பொறுக்கட்டும் வே."

அந்த வாரம் என் கடையில் சிவப்புக் கயிறு தீர்ந்திருந்தது. கயிற்றுக் கடைக்காரன் கயிறில்லாமல் நின்றேன். எல்லாவற்றுக்கும் நீலத்தையே அனுப்பியிருந்தேன். "கண்ணாடிச் சாக்கைக் கடல்சுவர் ஓரமா தனியா வெச்சிருக்கேன், ஞாபகம் இருக்கட்டும்" என்று அதே போனில்தான் சொன்னாய். நான் சரி என்றேன்.

ஞாயிறு காலை செயலாளர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"எந்தா அண்ணாச்சி இது? பீச் இப்படி க்ளீனா கிடந்தா சார் வந்து எதைப் பொறுக்குவார்? ரெண்டு மூணு சாக்கை அவுத்து விடுங்க. பத்து நிமிஷம் மதி, பின்ன அள்ளிக்கலாம்."

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று சாக்கு கொடுத்த வள்ளல் என்று எனக்குப் பொன்னாடை போடுவதாக இருந்தது. மூன்று தலைமுறையாக ஆரியசாலையில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் மாலை விழுந்தது அப்பா செத்தபோது மட்டும்தான். எனக்கு அந்தப் பொன்னாடை வேண்டியிருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்ல இனி வெட்கமில்லை.

மூன்று சாக்குகளை அவிழ்த்துக் கொட்டினேன். மூன்றாவது சாக்கு சுவர் ஓரமாகத் தனியாக இருந்தது. கொட்டும்போதே கண்ணாடிச் சத்தம் கேட்டது. உன் பேச்சும் அந்த நொடியில் ஞாபகம் வந்தது. பொறுக்கி எடுக்க நேரமில்லை, கார் வந்துவிட்டது. உடைந்த மருந்துக் குப்பிகள் படத்தில் விழுந்தால் அசிங்கம் என்று காலால் மணலைத் தள்ளி மூடினேன். எல்லோரும் பூட்ஸ் போட்டிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் போட்டிருந்தார்கள், நீ ஒருவனைத் தவிர.

துறைமுகத்தில் ஒரு எஞ்சினைப் பார்த்துவிட்டு நீ தாமதமாக வந்தாய். சுத்தம் செய்த கடப்புறம் மறுபடி குப்பையாகக் கிடந்ததைப் பார்த்ததும் ஓடினாய். நேராக அந்த மணல்மேட்டில்தான் கால் வைத்தாய். குதிகாலிலிருந்து வளைந்த கண்ணாடித் துண்டை நீயே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "ஆருடே இந்தச் சாக்கை அவுத்தது?" என்று கத்தினாய்.

"நாய் இழுத்திருக்கும்" என்றேன் நான்.

நீ காலிச் சாக்கை எடுத்துப் பார்த்தாய். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாய். அதற்குள் தெர்மோகோல் தட்டுகள் காற்றில் உருண்டு ஓடை கடலில் சேரும் இடத்தில் விழுந்தன. மழைக்கு ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து கட்டிக் கிடக்கும் கறுப்புத் தண்ணீர் அது. ரத்தம் ஒழுகும் காலோடு அதற்குள் இறங்கினாய். யாரோ வேண்டாம் என்றார்கள். "சாரமில்ல" என்றாய். முட்டளவு தண்ணீரில் நீ தட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். தோளில் பொன்னாடை இருந்தது.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது கண் இரண்டும் மஞ்சள், சிறுநீரகம் வேலை செய்யவில்லை. எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர். புண்ணோடு அழுக்குத் தண்ணீரில் இறங்கினாரா என்று உன் மனைவி ஸ்டெல்லாவிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மாத்திரை சாப்பிடாததைப் பற்றிப் பேசினேன். அதன்பிறகு எல்லோரும் மாத்திரையைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஸ்டெல்லா மருந்து வாங்கப் போயிருந்தபோது நீ கண் திறந்தாய். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் வரச் சொன்னாய்.

"அண்ணாச்சி, அந்த நாயி சாக்கைக் கிழிக்கல்ல கேட்டீரா. முடிச்சைல்லா அவுத்துட்டுப் போயிருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். உன் சிரிப்பு எப்போதும் இருந்தது போலவே இருந்தது. மன்னித்தாயா, கடைசியாக ஒரு குத்து குத்தினாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன்னைத் தெரிந்தவரையில் குத்துதான். அதற்குமேல் நீ பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாய்.

ஸ்டெல்லா இப்போது எல்லா ஞாயிறும் வருகிறாள். பூட்ஸ் போட்டுக்கொள்கிறாள், மாத்திரை விழுங்குகிறாள், எனக்கு ஃபிளாஸ்கில் கட்டன் சாயா கொண்டுவருகிறாள். "அவியளுக்கு ஒங்கள விட்டா ஆரு இருந்தா அண்ணாச்சி?" என்பாள். நான் குடிப்பேன். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் கடையிலிருந்து புறப்படுகிறேன். சாயா ஆறுவதற்குள் திரும்பிவிடுகிறேன்.

அவளுக்கு ஒரே ஒரு விரோதி உண்டு. கடப்புறத்து நாய்கள். கடல்சுவரிலிருந்து உதிர்ந்த கருங்கல் சில்லுகளை வரும்போதே பொறுக்கிக்கொள்வாள். ஒன்றையும் விடமாட்டாள். பந்தல் போட்டிருந்த இடத்தில் படுத்துக் கிடக்குமே, காது மடிந்த செவலை நாய், நீ பொறையும் பன்னும் போட்டு வளர்த்தது, அதன் பின்னங்காலை ஒரு மாதத்துக்கு முன்பே ஒடித்துவிட்டாள். அது மூன்று காலில் நொண்டிக்கொண்டு மறுபடி அங்கேதான் வருகிறது. அவள் கல் எறியும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பாவம், புருஷனை இழந்தவள் என்பார்கள்.

உன்னை மடித்துச் சாக்கில் போட்டேன் என்றேனே, அதற்கு முடிச்சுப் போடும்போதும் அந்த நாய் வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு சாக்கை முகர்ந்தது. ஸ்டெல்லா ஓடி வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்து விரித்து இரண்டு கல்லை வைத்தாள்.

"பாருங்க, மறுபடியும் சாக்கைத் தேடி வந்திருக்கு சனியன். எனக்குக் கை வலிக்கு. இன்னைக்கு நீங்க எறியுங்க அண்ணாச்சி, அவியளுக்காக."

நாய் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கு என்னைப் பயமில்லை. நான் ஒரு நாளும் எறிந்ததில்லையே. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன்.

எறிந்தேன். பட்டது. இன்னொரு கல் சட்டைப் பையில் கிடக்கிறது.