தம்பியின் கோட்டில் எட்டு மாதம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் குட்டியும் நலம். உன் அத்தான் வழக்கம்போலக் கப்பலில். உன் வீட்டுக்காரியின் முதுகுவலி எப்படி இருக்கிறது? கல்யாணப் பெண்ணை அத்தை விசாரித்ததாகச் சொல்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே, "அக்கா, கடையில ஆள் நிக்கறாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம் இதுதான். ஜூன் கடைசியில் ரிசர்வ் படையிலிருந்து எனக்கு ஓய்வு. பள்ளிப் பேருந்தை மட்டும் இன்னும் சில வருஷம் ஓட்டுவேன். வழியனுப்பும் அணிவகுப்பில் ஒவ்வொருவரின் சேவையையும் மைக்கில் வாசிப்பார்கள் இல்லையா? என்னுடையதைச் சரிபார்க்க அனுப்பியிருந்தார்கள். சேர்ந்தாள், வருஷா வருஷம் பயிற்சிக்கு வந்தாள், ஓய்வு பெற்றாள். அவ்வளவுதான். எல்லையில் எட்டு மாதம் என்னைத் தண்ணீர் லாரி ஓட்டவைத்தார்களே, அதைப் பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை. எல்லைப் பணிப் பதக்கமும் அவசரகாலப் பதக்கமும் எனக்கு வரவில்லை என்பது பழைய கதை. தபாலில் தொலைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பதிவிலேயே நான் போகவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

பதிவைத் திருத்தச் சொல்லி விண்ணப்பம் எழுதிவிட்டேன். நான் போனேன் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். எங்கள் அதிகாரி போய்ச் சேர்ந்துவிட்டார். கூட ஓட்டியவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ தெரியாது. அந்தச் சமயம் என் பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொண்டவர் எழுதித் தந்தாலும் போதுமாம். அது நீயும் உன் வீட்டுக்காரியும்தானே. ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். பதில் தாமதமானதற்குத் திட்டாதே. வெயில் ஆரம்பித்ததும் ஊரில் உள்ள மின்விசிறி எல்லாம் ஒரே நாளில் பழுதுபார்க்க என் கடைக்கு வந்துவிட்டன. உட்கார இடமில்லை, ஒரு விசிறிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஜூன் பத்தாம் தேதி கல்யாணம் உறுதியாகிவிட்டது. சம்பந்தி நல்ல மனிதர். அவர் அப்பா பட்டாளத்தில் இருந்தவராம். பெண் பார்க்க வந்த அன்று கடைச் சுவரில் என் பதக்கங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றே பேசினார். "எல்லைக்காரர் வீட்டுச் சம்பந்தம் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

நீ பதக்கத்தை வைத்து என்ன செய்யப் போகிறாய்? என்னுடையவை சுவரில் தூசி தின்கின்றன. தபாலில் வந்தன, மாட்டினேன். அப்போது என்னோடு நம் ரிசர்வ் படை டிப்போவில் வேலை பார்த்த எல்லோருக்கும் அனுப்பியிருப்பார்கள். உன்னுடையது எங்கோ சிக்கியிருக்கும். கையெழுத்துத்தானே, போட்டுத் தருகிறேன். கல்யாணம் முடியட்டும்.

குட்டிக்கு என் அன்பு. துணி எடுக்க முன்கூட்டியே வரச் சொல்.

உன் பாசமுள்ள,
தம்பி

*

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

கல்யாணச் செய்தி கேட்டு மனம் நிறைந்தது. ஆனால் கடிதத்திலும் பேச்சை மாற்ற முடியும் என்று நிரூபித்துவிட்டாய். அலுவலகத்தில் மே முடிவதற்குள் எல்லாம் வந்துசேர வேண்டும் என்கிறார்கள். அதற்குப் பிறகு வந்தால் என் ஓய்வோடு கோப்பையும் மூடிவிடுவார்களாம்.

பதக்கம் எதற்கு என்று கேட்டாய். சொல்கிறேன்.

போன மாதம் அந்தச் சேவைக் குறிப்பை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் குட்டி அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றாள். எழுத விட்டுவிட்டார்கள் என்றேன். அவள் சண்டைக்கு வரவில்லை. நிதானமாகத்தான் கேட்டாள்: "மாமா எல்லைக்குப் போனதுக்குச் சுவத்துல பதக்கம் இருக்கு. பள்ளிக்கூடத்துக்கே வந்து எங்களுக்குக் கதையெல்லாம் சொல்லியிருக்காரு. ரெண்டு வயசுப் பிள்ளைய எட்டு மாசம் விட்டுட்டுப் போனியே, நீ எங்கம்மா போனே?"

தண்ணீர் லாரி பாலத்தில் நின்ற கதையாம். சைக்கிளையே நேராக ஓட்டத் தெரியாதவன் எப்போது லாரி ஓட்டினான் என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். உன்மேல் அவளுக்கு உயிர். நான் உனக்கு எழுதிய கதைகளை நீ பிள்ளைகளுக்குச் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. நானாக அவளிடம் எதையும் சொன்னதே கிடையாது. சொல்ல ஆரம்பித்தால், திரும்பி வந்த அன்று அவள் உன் வீட்டுக்காரியின் புடவைக்குள் ஒளிந்துகொண்டதையும் சொல்ல வேண்டிவரும். உன் வீட்டுக்காரியை அம்மா என்றாள். என்னை "லாரிம்மா" என்றாள். உனக்கு நினைவிருக்கும்.

தம்பி, அந்த எட்டு மாதம் நான் என் பிள்ளையோடும் இல்லை. எல்லையிலும் இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இதை எப்படி நான் விடுவேன்?

அக்கா

*

ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வருவதற்குள் இன்னொன்று எழுத வேண்டியதாகிவிட்டது. பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். பொறுமையான பெண். தண்ணீர்ப் பிரிவின் பழைய வருகைப் பதிவைத் தேடி எடுத்திருக்கிறாள். என் படை எண் அதில் இல்லை. உன் எண் இருக்கிறது.

கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் புரிந்திருக்கும். கிளம்பிய அன்று என் கம்பளிக் கோட்டின் உள்துணி கிழிந்து தொங்கியது. "மலைல குளிரும், என்னோடதைப் போட்டுக்கோ. டிப்போல கணக்கெழுதறவனுக்கு எதுக்கு இது" என்று உன்னுடையதைக் கழற்றி என் தோளில் போட்டாய். நெஞ்சில் உன் எண் தைத்திருந்தது. அங்கே பிரிவு எழுத்தர் யாரையும் பெயர் கேட்கவில்லை. வரிசையாக நிற்கவைத்துக் கோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். "இது என் தம்பியோடதுங்க" என்றேன். "அப்புறம் மாத்திக்கலாம்மா" என்றார். அவரும் மறந்தார், நானும் மறந்தேன். எட்டு மாதமும் உன் எண்ணைக் கூப்பிட்டால் நான்தான் ஆஜர் சொன்னேன். அதனால்தான் பதக்கம் உன் வீட்டுக்கு வந்திருக்கிறது. உன் சுவரில் பார்த்தபோது நானும் டிப்போக்காரர்களுக்கும் கொடுத்ததாகத்தான் நினைத்தேன்.

இதில் யார்மேல் குற்றம் சொல்வது? எனக்குக் குளிரக் கூடாது என்று நினைத்த தம்பிமேலா?

ஆனால் ஒரு சிக்கல். அந்த எட்டு மாதத்தை உன் எண்ணிலிருந்து எடுத்தால்தான் என் எண்ணில் ஏற்ற முடியும். "எல்லைக்குப் போனது நான் அல்ல, என் அக்கா" என்று நீயே எழுதி, இரண்டு பதக்கத்தையும் திருப்பி அனுப்ப வேண்டும். இதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா

*

மே 6

அக்காவுக்கு,

கடிதங்கள் கிடைத்தன. இரண்டு நாள் கடை திறக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

இந்த ஊரில் என் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லைக்காரர் கடை எது என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். நானா அந்தப் பெயரை வைத்துக்கொண்டேன்? தபால்காரர் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கூட நின்றார், அவர் நாலு பேரிடம் சொன்னார், பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். போய் நின்றால் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கின்றன. டிப்போவில் கம்பளி எண்ணினேன் என்றா சொல்வேன்? உன் கதையைச் சொன்னேன். ஒரு முறை சொன்னதை அடுத்த வருஷம் எப்படி மாற்றுவது?

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கழற்றி அனுப்பு என்கிறாய். சம்பந்தி கேட்டால் என்ன சொல்லட்டும்?

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதே. நீ அங்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது இங்கே உன் பிள்ளைக்கு யார் ஊட்டியது? அம்மை போட்டு உடம்பெல்லாம் கொதித்தபோது தோளிலேயே போட்டுக்கொண்டு நடந்தது யார்? என் வீட்டுக்காரியின் முதுகுவலி அன்றைக்கு ஆரம்பித்தது. அவளுக்கு எந்த அலுவலகம் பதக்கம் கொடுத்தது?

தம்பி

*

மே 14

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பாடு அழுதேன். கோபத்தில் அல்ல. நீ சொன்னதெல்லாம் சரி. உன் வீட்டுக்காரிக்கு நான் செய்யவேண்டியதில் காலணா பங்குகூடச் செய்யவில்லை. குட்டி இன்றைக்கு நிமிர்ந்து நடக்கிறாள் என்றால் அவள் தோளில் தூங்கியதால்தான்.

விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பதிவு அலுவலகப் பெண் வருத்தப்பட்டாள். "இன்னொரு தடவ யோசிங்கம்மா" என்றாள். யோசித்துவிட்டுத்தான் செய்கிறேன் என்றேன். அணிவகுப்பில் இருக்கிற இரண்டு வரியை வாசிக்கட்டும். வெயிலில் சீக்கிரம் முடிந்தால் எல்லோருக்கும் நல்லதுதான். பதக்கங்கள் உன் சுவரில் இருக்கட்டும். சம்பந்தி முன்னால் என் தம்பி தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். குட்டியிடம் மட்டும் சொல். நான் சொன்னால், பதக்கம் இல்லாதவள் தனக்குத்தானே பதக்கம் குத்திக்கொள்கிறாள் என்றாகிவிடும். மாமா சொன்னால் நம்புவாள். துணி எடுக்க ஜூன் முதல் தேதி அங்கே வருகிறாள். அவள் அம்மா அவளைச் சும்மா விட்டுவிட்டுப் போகவில்லை என்று ஒரு வார்த்தை.

முடியாது என்றால் அதையும் எழுதாதே. கல்யாணத்துக்கு எப்படியும் வருவேன்.

அக்கா

*

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம்.

குட்டி வந்த அன்றே சொல்லிவிட்டேன். ஒரு நாள் தள்ளினாலும் கல்யாணம் முடியட்டும் என்று சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரம். ஸ்டூல்மேல் ஏறிப் பதக்கங்களைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். "இது உங்க அம்மாவோடது" என்றேன். கோட்டைக் கொடுத்ததிலிருந்து எல்லாம் சொன்னேன். அவள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராமல் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து, "அப்ப அந்தப் பாலத்துக் கதை?" என்றாள். அதுவும் அம்மாவோடதுதான் என்றேன். "முதல்லேர்ந்து சொல்லுங்க மாமா. நீங்கன்னு சொல்லாம அம்மான்னு சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். இத்தனை வருஷம் சொன்ன கதை, வாயில் வரவே மாட்டேன் என்றது. பாலம் உடைந்து லாரி சரிவில் நின்றது, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு நீ இரண்டு நாள் உள்ளேயே இருந்தது, மேலிருந்து வீரர்கள் கேனோடு இறங்கி வந்து தண்ணீர் பிடித்துப்போனது எல்லாம் சொன்னேன். அப்போதுதான் அக்கா, பள்ளிக்கூடத்தில் சொல்லும்போதெல்லாம் ஒரு பாகத்தை நான் விட்டுவிட்டிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. என் வாய்க்கு அது பொருந்தாது, அதனால் விட்டிருக்கிறேன். இஞ்சினை அணைத்துவிட்டு, பயம் தெரியாமல் இருக்க, பக்கத்தில் இருப்பதுபோல் நீ குட்டியோடு உரக்கப் பேசிக்கொண்டே இருந்தாயே, அது. வாயைத் திற, முழுங்கு, தூங்கு, அம்மா இங்கேதான் இருக்கிறேன் என்று. தண்ணீருக்கு வந்தவர்கள் உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு சாப்பாட்டுப் பொட்டலம் வைத்துவிட்டுப் போனார்கள் என்று எழுதியிருந்தாய். அதைச் சொன்னேன்.

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து ஓடிவந்து, "பிள்ளைய என்ன சொன்னீங்க" என்று என்னைத் திட்டினாள். அவளும் உட்கார்ந்து அழுதாள்.

நேற்று அலுவலகத்துக்கு எழுதிப் பதக்கங்களோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நீ திருப்பி வாங்கிய விண்ணப்பத்தை உனக்காக நான் மறுபடி கொடுக்கிறேன் என்று அந்தப் பெண்ணுக்கும் போனில் சொன்னேன். மே முடிந்துவிட்டது, அணிவகுப்புக்குள் நடக்குமா தெரியாது, முயற்சி செய்கிறேன் என்றாள். சம்பந்தியிடமும் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, கல்யாணத்தில் உன்னை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

துணி இன்னும் எடுக்கவில்லை. குட்டி காலையிலிருந்து பையைக் கட்டிவைத்துக்கொண்டு நிற்கிறாள். உன்னைக் கல்யாணத்தில் பார்க்கிறவரை பொறுக்க முடியாதாம். இந்தக் கடிதத்தையும் அவளே கொண்டுவருகிறாள். என்னிடம் ஒன்று கேட்டாள்: "எனக்கு வந்த பொட்டலத்த யார் மாமா சாப்பிட்டா?" எனக்குத் தெரியவில்லை அக்கா. அதை நீ எழுதவில்லை. உன்னிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
தம்பி