விழுந்த மூன்றாம் இலக்கம்

மகனுக்கு, ஸலாம்.

நேற்று வவுனியா தேத்தண்ணிக் கடைத் தொலைக்காட்சியில், இலங்கை றக்பி அணியின் மூன்றாம் இலக்கச் சட்டையில் உன்னைப் பார்த்தேன். எல்லோரும் தலையை முட்டித் தள்ள, சண்டை என்று நினைத்து, "ஆராவது விலக்குப் பிடியுங்கோ!" என்று கத்திவிட்டேன். கடையே சிரித்தது. அதுதான் ஸ்கிரமாம்.

கடைசி ஸ்கிரம் சரிந்தது. நடுவர் எங்கள் பக்கமே பிழை என்றார். அதற்குக் கிடைத்த தண்டனை உதையில் தோற்றோம்.

"றெபரிக்குக் கண் பொட்டை. இழுத்து விழுத்தினது அவங்கள்," என்றார் பக்கத்துக் கடை முஹ்ஸின்.

"இல்லை, எங்கட மூன்றாம் நம்பர்தான் விழுந்தவன். சோத்து மாடு!" என்றான் ஒரு லொறிக்காரன். "என்ன காக்கா, சரிதானே?" என்று என்னை அண்ணன் முறை சொல்லிக் கேட்டான்.

"எனக்கு உது விளங்காது, தம்பி," என்றேன்.

நம் கடையை விட்டுப் பந்துக்குப் பின்னால் போகிறாய் என்று உன்னைத் துரத்தியவன் நான். மூன்று வருடம் உன் பெயரை எடுக்காத வாய் இது. 'விழுந்தவன் என்ர மகன்' என்று நேற்றும் சொல்லவில்லை.

உன் வாப்பா