வராத போன்

செவ்வாய், இரவு.

மார்புக்கட்டி முகாமுக்கு வந்தவர்களில் மறுபரிசோதனைக்கு வரவேண்டிய பெண்களின் பட்டியலை, போன வாரம் ஆஸ்பத்திரி டேட்டாபேஸிலிருந்து எக்செலுக்கு எடுத்தேன். போன் நம்பர் கட்டத்தில் பிழை என்று திரும்பத் திரும்ப நின்றது. டாக்டர் அவசரப்படுத்தினார். ‘பிழையுள்ள வரிகளை விட்டுவிடு’ என்பதை டிக் செய்தேன். பட்டியல் உடனே வந்தது. அதிலிருந்த எல்லோருக்கும் போன் செய்து முடித்தோம்.

இன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில், முகாமுக்கு வந்திருந்த செல்வி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் வேலை.

“மேஸ்திரிகிட்ட தினமும் கேட்டேங்க, ஆஸ்பத்திரி போன் வரலையாம். கூப்பிடலேன்னா ஒண்ணுமில்லேன்னு நீங்கதானே சொன்னீங்க! சமயபுரத்துல மாவிளக்குப் போட்டுட்டேன்.”

நானும் சிரித்தேன். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

ஸ்ரீரங்கம் திரும்பும்போது, காவிரிப் பாலத்தில்தான் எனக்கு உறைத்தது. சொந்த போன் இல்லாதவர்களுக்கு நம்பரோடு ‘மேஸ்திரியிடம் சொல்லவும்’, ‘பக்கத்து வீடு’ என்று டைப் செய்தவளே நான்தான். நம்பர் கட்டத்தில் எழுத்து இருந்ததால்தான் பிழை. அந்த வரிகளைத்தான் விட்டுவிட்டேன்.

எத்தனை பேர் என்று தெரியவில்லை. செல்வி அக்காவும் அதில் உண்டா? ஆபீஸ் காலையில்தான் திறப்பார்கள். அதுவரை, போன் வரவில்லை என்ற நிம்மதியில் அவர்கள் தூங்குவார்கள்.