கைகளைத் தூக்கியவன்

ஹார்லோ ஃபால்ஸ்,
13 மார்ச் 1951

மதிப்பிற்குரிய திரு. வைனோ கோர்ப்பெலா அவர்களுக்கு,

உங்கள் மகன் படிக்கும் பள்ளியில் லத்தீன் கற்பித்து, நாடகமும் நடத்தும் எர்னஸ்ட் டிங்வால் எழுதுவது.

முதலில் ரெய்னோவைப் பற்றி. காய்ச்சல் இறங்கிவிட்டது. நேற்று சூப் குடித்தான். இடது கண்ணுக்கு இனிப் பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இதைக் கடிதத்தில் எங்கே எழுதுவது என்று தெரியாமல் பல தாள்களைக் கிழித்தேன். மன்னியுங்கள்.

லாரிக்காரரிடம் நீங்கள் சொல்லியனுப்பியது கிடைத்தது. "அந்த ஹேடோ பய கை ரெண்டையும் வெட்டிட்டுத்தான் மறுவேலை" என்றீர்களாம். மரம் வெட்டும் முகாமில் கோடரிக்குப் பஞ்சமில்லை. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் லத்தீன் படிப்பவர்கள் நடிப்பார்கள்; தச்சுப் பட்டறைப் பையன்கள் மேடைக்கு வேண்டியதைச் செய்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நிற்பார்கள். இம்முறை ஒரு நடிகனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததால் ரெய்னோவை மேடையேற்றினேன். மர வாள்களைச் செதுக்கியவன் அவன்தான். செய்ததைச் சோதிக்காமல் கொடுக்கக் கூடாது என்பது பட்டறை வழக்கம். அதனால் சண்டையின் ஒவ்வொரு வீச்சும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆலை மேலாளர் மகன் கிளிஃபர்ட் ஹேடோவுக்கு இது பொறுக்கவில்லை. "டேய் மரத்தூள், வசனத்தையும் ரம்பத்தாலதான் அறுப்பியா?" என்று சீண்டுவான். "நீ செத்து விழற சீன்தான்டா எனக்குப் பிடிச்சது" என்பான் ரெய்னோ. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

கடைசி ஒத்திகையில் கிளிஃபர்ட் நிஜமாகவே அடித்தான். விரல் முட்டியில் ஒன்று, விலாவில் ஒன்று. ரெய்னோ திருப்பி அடித்ததில் கிளிஃபர்டின் உதடு கிழிந்தது. "போதும், போதும்" என்றேன். என் குரல் முதல் வரிசையைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் காட்சிக்காக நிறுத்தியிருந்த பலகைக் கோட்டைச் சுவர் சாய்வதைக் கண்டு, பின்னாலிருந்த பட்டறைப் பையன் ஓவிலா "கை!" என்று கத்தினான்.

ரம்பத்தில் விரல் போகாமலிருக்கப் பட்டறையில் கத்துவது அது. கேட்டதும் எல்லாரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு இரு கைகளையும் தூக்க வேண்டும். ரெய்னோ வாளைப் போட்டான். கைகளைத் தூக்கினான்.

கிளிஃபர்ட் பட்டறையில் காலே வைத்ததில்லை. ஆனால் எதிரே நிற்பவன் வெறுங்கையோடு நிற்பதை அவன் பார்த்தான். ஒரு மூச்சு நேரம் நின்று பார்த்தான். பிறகு வாள் முனையால் முகத்தில் குத்தினான்.

பட்டறைப் பையன்கள் மரச் சுத்தியலோடு பாய்ந்தார்கள். கிளிஃபர்டின் மூக்கும் தோள் எலும்பும் உடைந்தன. தடுக்கப்போன என்னையும் ஒருவன் தள்ளிவிட்டான். மேடைப் பலகையில் யார் ரத்தம் எது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி வாரியம் கூடுகிறது. "சண்டைக்கு நடுவுல வாளை எவனாவது போடுவானா? இது விபத்து" என்கிறார் மேலாளர். ரெய்னோவைத்தான் பள்ளியை விட்டு நீக்கப் பார்க்கிறார்கள். அந்த ஒரு மூச்சு நேரத்தைப் பார்த்த பெரியவன் நான் ஒருவன்தான். சொல்லப் போகிறேன். நீங்கள் கோடரியோடு வந்தால் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். ரயில் நிலையத்தில் இப்போதே போலீஸ் நிற்கிறது.

ரெய்னோ என்னிடம் கேட்டது ஒன்றுதான். "வாள் உடைஞ்சிடுச்சா சார்?" இல்லை என்றேன். "ஆஷ் மரம் சார், உடையாது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நீங்கள் அவசியம் வாருங்கள். வெறுங்கையோடு வந்து, கடைசி வரிசையில் உட்காருங்கள். நான் பேசும்போது அங்கே கேட்கவில்லையென்றால், "சத்தமா சொல்லுங்க" என்று கத்துங்கள். உங்களுக்குக் கேட்கும்வரை நான் உட்கார மாட்டேன்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
எர்னஸ்ட் டிங்வால்