அத்தைக்கு ஒரு கறுப்பு மெழுகுவர்த்தி

ராடெக்,

கல்லறைக்குப் போகிறேன். சூப் பாத்திரத்தில் நீ மெழுகு காய்ச்சியதால் இன்று சூப் கிடையாது. காய்ந்த ரொட்டி இருக்கிறது, தின்னு.

கல்லறைத் திருநாளுக்கென்று உன் அம்மாவுக்காக நான் வாங்கிவைத்த மெழுகுவர்த்திகள் எங்கே போயின என்று இப்போதுதான் தெரிந்தது. அத்தனையையும் உருக்கி, கரித்தூள் கலந்து, உன் ராக்கெட் மோட்டாருக்கு எரிபொருள் கட்டையாக வார்த்திருக்கிறாய். கேட்டால், "அம்மா கோவிச்சுக்க மாட்டாங்கடி" என்பாய். உயிரோடு இருந்தபோதே அத்தை உன்னால் கண்டது புகைதான்.

அந்தக் கட்டையை நானே எடுத்துப் போகிறேன். நெருப்பு ஓட நடுவில் நீ விட்ட துளையில் திரி கச்சிதமாக நுழைகிறது. "ஏன்டி இது கறுப்பா இருக்கு?" என்று உன் அக்கா போஷெனா எல்லார் முன்னாலும் கேட்பாள். "உங்க தம்பி கைவண்ணம், அண்ணி" என்பேன்.

மோட்டாரை எரித்துப் பார்க்க உன் ராக்கெட் கிளப் ஆட்கள் ஆக்சிஜன் சிலிண்டரோடு வருவார்கள். எரிக்க ஒன்றுமில்லை என்று நீயே சொல்லி அனுப்பு.

ஹலினா

பட்டறைச் சாவியும் என்னிடம்தான். தேடாதே.

இன்னொன்று. போன தடவை உன் மோட்டார் மூன்றே விநாடியில் புஸ்ஸென்று அணைந்தது. இது விடியும்வரை எரியும். நீ செய்ததில் உருப்படியாக எரியப்போவது இது ஒன்றுதான். அதைப் பார்க்கவும் நீ வரமாட்டாய்.