பஞ்சுக்குக் கால் முளைத்த கதை

என் கைப்பையைத் திறந்தால் இப்போதெல்லாம் வேப்பெண்ணெய் வாடைதான். மூடி சரியாகப் போடாத புட்டியை உள்ளே வைத்துக்கொண்டு சாமளாபுரம் பஸ்ஸில் ஏறியதன் பலன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முகத்தைச் சுளித்து, "ஏனுங்க, தலையில பேனுங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தோழி, உன் மகள் வீட்டுச் செடிக்கு மருந்து கொண்டுபோகிறேன் என்று தொடங்கினால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். உன்னைப் பற்றித் தொடங்கினால் ஊர் வந்தும் நான் இறங்க மாட்டேன்.

அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் நான் மாடியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர், நீ கீழே துணி செக்கிங்கில். உன் அறைக்கு அடுத்த கதவைத் திறந்தால் துணி பின்னுகிற நிட்டிங் மிஷின்கள். அங்கிருந்து பறந்து வரும் பஞ்சு மேசை, விளக்கு, டிபன் பாக்ஸ், உன் புருவம் என்று ஒன்றையும் விட்டுவைக்காது. அந்த அறையின் ஜன்னலோரம்தான் உன் செடிகள்: ஒரு குரோட்டன்ஸ், ஒரு மணி பிளான்ட், ஓர் அரீகா பாம். கோவில்பட்டிக் கரிசலில் பிறந்தவளுக்கு இத்தனை பச்சை எதற்கு என்றால், "அங்க பாக்காததத்தான் இங்க வச்சுப் பாக்கேன், ஒனக்கென்ன?" என்பாய். வந்த புதிதில் உன்னை நான் 'வாங்க, போங்க' என்றுதான் அழைத்தேன். "ஏளா, இந்தச் செடிக்கும் ஒரு 'ங்க' போட்டுருவியா?" என்று கேலி செய்தே என்னை 'நீ'க்கு இழுத்துவந்தாய்.

ஒரு கோடையில் குரோட்டன்ஸ் இலைகள் ஊசியால் குத்தியது போல வெளிறத் தொடங்கின. திருப்பிப் பார்த்தால் அடியில் மெல்லிசாக நூல் நூலாக ஏதோ ஒட்டியிருந்தது. பூச்சியாக இருக்கும் என்றேன்.

"பூச்சியுமில்ல, ஒண்ணுமில்ல. பஞ்சு! நாள் முச்சூடும் பஞ்சுக்குள்ள கெடக்கவளுக்குப் பஞ்சு தெரியாதாக்கும்?"

உன்னோடு வாதாடி ஜெயித்தவர் யார்? மிஷின் மேல் படியும் பஞ்சை ஊதித் தள்ளுகிற ஏர் கன்னைக் குழாயோடு இழுத்துவந்து, இலை இலையாக நீ ஊதினாய். குரோட்டன்ஸ் பளிச்சென்று ஆகிவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த வாரம் மணி பிளான்டிலும் பஞ்சு. அரீகாவில் இன்னும் அதிகம். அப்போதுதான் உனக்குச் சந்தேகம் வந்தது. துணியில் கண்ணி எண்ணுகிற சின்ன லென்ஸை எடுத்து இலையின் அடியில் வைத்துக் குனிந்தாய். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாய்:

"ஏளா, பஞ்சுக்குக் கால் மொளச்சிருக்கு."

அது சிலந்திப்பேன், இலைக்கடியில் வலை பின்னும் பொடிப் பூச்சி. ஒரே செடியில் இருந்ததைக் காற்றடித்து ஜன்னல் முழுக்கக் குடிவைத்தது நீதான். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருடம் உன்னைச் சீண்டியிருப்பேன்! நீயும் சளைக்காமல், "பாவம், அதுகளும் பொழப்புத் தேடி எடம் மாறுதுக, நம்மள மாதிரி" என்பாய்.

நர்சரிக்காரர் வேப்பெண்ணெய் கொடுத்தார். அதை முந்தானைக்குள் மறைத்து நீ செக்கிங் அறைக்குள் நுழைந்தபோது மேனேஜர் பார்த்துவிட்டார். "வெள்ளைத் துணி ஓடற எடத்துல எண்ணெயாங்க? உங்க வேலையே எண்ணெக் கறையப் புடிக்கறதுதானுங்களே!" என்று அவர் கத்தியதில் நிட்டிங் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்குப் பின்னால் போனோம்.

அங்கே நீ உன் இஷ்டத்துக்குக் கலந்தாய். வாடை தூக்கினால்தான் வேலை செய்யும் என்று சொல்லி வெறும் தண்ணீரில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, உச்சி வெயிலில் அடித்தாய். எண்ணெய் தனியாக மிதந்தது. மறுநாள் குரோட்டன்ஸ் இலைகள் கருகிவிட்டன. உன் முகம் வாடிவிட்டது. "சாம்பிள் அப்ரூவல் இல்லாம யாராச்சும் பல்க் ஓட்டுவாங்களா?" என்று, மாதிரி தேறாமல் மொத்தமாகத் தைக்கக் கூடாது என்கிற கம்பெனி விதியை நான் எடுத்துவிட்டதும் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் எல்லாவற்றையும் முறையாகச் செய்தோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெய், அது கரைய வீரியமில்லாத சோப்பு நீர் சில சொட்டு. முதலில் ஒரே ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பார்ப்பது. வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடிப்பது. முட்டை பொரித்து மறுபடியும் வரும் என்பதால் வாரா வாரம் திரும்பச் செய்வது. அரீகா பிழைக்கவில்லை. மற்ற இரண்டும் பிழைத்தன.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. குரோட்டன்ஸை உன் மகள் சாமளாபுரத்துக்கு எடுத்துப்போனாள். உன் பேரன் இப்போது தவழ்கிறான், கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிறான். அவனை நீ பார்க்காமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் அவள் அழைத்தாள். "அத்தை, அம்மா செடியில ஒட்டடையாட்டம் இருக்குதுங்க. இவரு தூக்கிப் போட்டரலாங்கறாரு. இல்லீன்னா குன்னத்தூர்ல மாமா தோட்டத்துக்கு அடிக்கற மருந்தக் கொண்டாந்து ஒரே அடியா அடிச்சரலாங்கறாரு. ஊட்டுக்குள்ள பையன வெச்சுக்கிட்டு அதெப்படிங்க? தூக்கிப் போடவும் மனசு வரலீங்க. அம்மாதுன்னு எங்கிட்ட இருக்கறது..."

"நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் பண்ண வேண்டாம் கண்ணு" என்றேன்.

அப்படித்தான் அந்தப் பஸ் பயணம். உன் மருமகன் மேல் எனக்குக் கோபமில்லை. செடியா குழந்தையா என்றால் நீயும் குழந்தை பக்கம்தான் நின்றிருப்பாய். ஆனால் என் புட்டியைப் பார்த்ததும், "வேப்பெண்ணெய்தானுங்களே, பையன் நக்குனாக்கூட ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று அவர் நிம்மதியாகக் கேட்டபோது புட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்து மூடினேன்.

"அப்படி நெனச்சறாதீங்க. சின்னக் கொழந்தை வயித்துக்குள்ள போனா ரொம்ப ஆபத்துங்க. புட்டி பீரோவுக்குள்ள, பூட்டோட இருக்கோணும்" என்றேன்.

பையனை அவரிடம் விட்டுவிட்டு நாங்கள் செடியை மொட்டை மாடி நிழலுக்குக் கொண்டுபோனோம். மோசமான இலைகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். மற்றவற்றின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினோம். கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு ஒரே ஓர் இலையில் மருந்தடித்தேன். "இவ்வளவு தூரம் வந்து ஓர் இலைக்குத்தானுங்களா?" என்று உன் மருமகன் படியில் நின்று கேட்டார். சாம்பிள் அப்ரூவல் கதையைச் சொன்னேன். அவரும் எக்ஸ்போர்ட்காரர்தானே, உடனே ஒத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த இலைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் உன் மகளே அடித்தாள். பூச்சி ஒழியும் வரை செடி மாடியிலேயே இருந்தது. வாரா வாரம் கலக்குவாள், அடிப்பாள், மிச்சத்தை வைத்துக்கொள்ளாமல் கொட்டிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலைக்கு அடியில் வெள்ளைத்தாள் பிடித்துத் தட்டிப் பார்த்துவிட்டு அழைத்தாள். "ஒண்ணுமே நகரலீங்க அத்தை!" அன்றைக்கு நான் கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான். உன் மருமகன் தானே சுவரில் துளையிட்டு, பையன் கைக்கு எட்டாத உயரத்தில் செடிக்கு ஒரு பலகை அடித்துக் கொடுத்திருக்கிறார்.

வேலை முடிந்தது, இனி அழைக்க மாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அழைத்தாள். "இலைக்கு அடியில பாத்தனுங்க, ஒண்ணுமில்லீங்க" என்று ஆரம்பித்தாள். ஒன்றுமில்லை என்று சொல்ல ஃபோன் எதற்கு என்று நானும் கேட்கவில்லை. பையனுக்குப் பல் முளைப்பதைச் சொன்னாள். "அம்மா இருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பாங்க?" என்றாள். உன் பேச்சிலேயே சொல்லிக்காட்டினேன். என் வாயில் உன் ராகம் சரியாக வராது. அவள் சிரித்துக்கொண்டே திருத்தினாள், அப்படியே உன் குரல். உன்னை மனது ரொம்பத் தேடுகிறது என்று அவளிடம் சொன்னேன். "எனக்கும்தானுங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறுவதில்லை. நேற்றும் அழைத்தாள். நீ வண்டி பழகும்போது வாய்க்காலில் இறங்கியது, கல்யாணத்தில் உன் செருப்பு தொலைந்தது என்று அடுப்பில் சாதம் குழையும் வரை பேசினோம். ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது, செடியைப் பற்றி இரண்டு பேருமே ஒரு வார்த்தை பேசவில்லை.