பக்கத்துத் தட்டின் ஆவி

என்னவருக்கு,

நான் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? குட்டிக்குச் சளி விட்டதா?

போட்டோ வந்தது. உங்கள் அக்கா மடியில் நம் குட்டி அசந்து தூங்குகிறாள். தூங்கட்டும்.

ஆய்வுக்கூடத்தில் நேற்று ஒரு கூத்து. கிருமி தடவிய தட்டின் நடுவே, எண்ணெயில் நனைத்த காகித வில்லையை வைப்போம். எண்ணெய்க்கு வீரியம் இருந்தால் சுற்றிலும் கிருமி வளராமல் ஒரு வட்டம் விழும். பக்கத்து மேசைக்காரியின் ஓம எண்ணெய்க்கு எப்போதும் பெரிய வட்டம். என் எலுமிச்சைத்தோல் எண்ணெய்க்கு ஒப்புக்கு ஒரு கீற்று. பார்க்கப் பார்க்க வயிறு எரியும். நேற்று என் தட்டு முழுக்கத் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. தலைகால் புரியாமல் எல்லோரிடமும் காட்டினேன்.

மேற்பார்வையாளர் சிரித்தார். "ரெண்டு பேர் தட்டையும் ஒரே பெட்டியில மூடி வெச்சிருக்கியேம்மா. இது ஓம எண்ணெயோட ஆவி பண்ண வேலை. அது தொடவே வேணாம், பக்கத்துல இருந்தா போதும்."

நானும் சிரித்துவைத்தேன். அறைக்கு வந்து அந்தப் போட்டோவை மறுபடி பார்த்தேன்.

குளிருக்குக் காலுறை அனுப்புங்கள். கூடவே குட்டியின் தலையணை உறையும் வேண்டும், துவைக்காமல். உங்கள் அக்கா அவள் நெஞ்சில் தைலம் தேய்ப்பாரே, சளி விட்டதும் அதை நிறுத்தச் சொல்லி, வேறு உறை மாற்றி, நாலு நாள் கழித்து அவள் வாசம் மட்டும் ஏறியிருக்கும்போது எடுங்கள். தனிப் பையில் இறுக்கிக் கட்டுங்கள்.

ஆய்வுக்கூட வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன். அக்கா கேட்டால், காலுறை கேட்டதாக மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி